காந்தம் ஒட்டிய சிலுவை

முப்பத்து நான்கு ஆண்டுகள் வருவாய்த்துறையில் இருந்தேன். நான் போட்ட கையெழுத்துகளுக்கு ஒரு கிணறு மை செலவாகியிருக்கும். போட மறுத்த கையெழுத்துகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றில் ஒன்றைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு நினைத்துப் பார்த்துச் சந்தோஷப்பட எனக்கென்று இருப்பது பெரும்பாலும் அது ஒன்றுதான்.

எழுபதுகளின் கடைசி. கோவில்பட்டி தாலுகா அலுவலகத்தில் துணைத் தாசில்தாராக இருந்தேன். புரட்டாசி மழை விழுந்து நான்கு நாள் ஆகியிருந்தது. கரிசலில் அந்த நாள்களுக்கு என்ன பொருள் என்று இந்தப் பக்கத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலில் ஒட்டுகிற மண் கொஞ்சம் உலர்ந்து, அடியில் ஈரம் நிற்கும்போதே விதை உள்ளே போய்விட வேண்டும். தவறினால் அடுத்த ஆண்டுதான். மனுக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள்கூட அப்போது அலுவலகத்துக்கு வரமாட்டார்கள். சனிக்கிழமை மதியம் நான் காலி நாற்காலிகளைப் பார்த்து மகிழ்ந்துகொண்டிருந்தபோது காவல்நிலைய ஏட்டு வந்தார்.

"அய்யா, ஒரு கையெழுத்து. மகஜருக்குச் சாட்சி. ரெண்டு நிமிச வேலை."

"எங்க வச்சு எழுதினீங்க?"

"ஸ்டேஷன்லயே எழுதியாச்சு. அடகுக் கடையில ஒரு களவுச் சாமான் மாட்டிட்டு."

"சாமானை நான் பாக்கலையே."

"நீங்க என்னத்துக்குப் பாக்கணும்? அதான் நான் பாத்தேம்லா!"

மகஜர் என்பது ஒரு பொருளைக் கைப்பற்றும்போது, கைப்பற்றும் இடத்திலேயே, இரண்டு சாட்சிகள் கண்ணால் பார்க்க எழுதப்பட வேண்டிய குறிப்பு. விதி அப்படி. நடைமுறையில் ஸ்டேஷனுக்கு எதிரே டீ ஆற்றுகிறவர்தான் நிரந்தரச் சாட்சி. அவர் பார்க்காத கொலை கிடையாது, அவர் முன்னிலையில் பிடிபடாத சாராயம் கிடையாது. அன்றைக்கு அவர் கடையைச் சாத்திவிட்டு ஊருக்கு விதைக்கப் போயிருந்தார். அதனால்தான் அரசாங்கம் என் உதவியை நாடியது.

பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லி, ஏட்டுடன் அடகுக் கடைக்கு நடந்தேன்.

கடையில் நான்கு பேர். மெத்தையில் அடகுக் கடை அண்ணாச்சி. நாற்காலியில் சப்-இன்ஸ்பெக்டர், பணிக்குப் புதியவர், மீசை மட்டும் சீனியர். சுவரோரம் பக்கத்துக் கிராமத்து மாதா கோயில் உபதேசியார், அதாவது சாமியார் வராத நாள்களில் ஜெபம் சொல்லி, கோயில் சாமான்களைப் பொறுப்பில் வைத்திருப்பவர். தரையில் ஐம்பது வயதுக்குக் கிட்டிய ஒரு பெண். விரல் நுனிகளெல்லாம் காய்த்துப் போயிருந்ததைப் பார்த்ததும் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிறவர் என்று தெரிந்துகொண்டேன்.

மேசைமேல் அந்தப் பொருள். உள்ளங்கையில் அடங்கும் சிலுவை. நான்கு கைகளும் ஒரே நீளம், நுனியில் அகன்றவை. நடுப்பாகம் கறுப்பு, விளிம்பு மட்டும் வெள்ளி நிறம். மேலே ஒரு வளையம், வளையத்தில் கறுப்புக் கயிறு.

விஷயம் இதுதான். உபதேசியாரின் கோயிலில் ஒரு வெள்ளிச் சிலுவை காணாமல் போயிருந்தது. போலீஸ் வழக்கம்போல எல்லா அடகுக் கடைகளுக்கும் களவுப் பட்டியல் கொடுத்திருந்தது. விதைவித்து வாங்குவதற்காக இந்தப் பெண் தன் வீட்டிலிருந்த சிலுவையை அடகு வைக்க வந்தார். அண்ணாச்சி அவரை உட்காரச் சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்கு ஆளனுப்பினார்.

"ஏட்டி, உனக்கு இது ஏது? கடைசியாக் கேக்குதேன்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

"எத்தனை தடவ கேட்டாலும் அதான் அய்யா. எங்க வீட்டுல அவிய பட்டாளத்துல இருந்து கொண்டாந்தது. இத்தாலி தேசத்துல ஆஸ்பத்திரி வண்டி ஓட்டுனாவ. அடிபட்ட ஜெர்மன்காரன் ஒருத்தனைத் தூக்கிட்டு வந்து வண்டில போட்டாவளாம். அவன் பேச்சு இவியளுக்குப் புரியல. சட்டையில இருந்து இதைக் கழட்டி இவிய கையில வச்சு மூடிட்டானாம்."

"சுடவேண்டியவன் சிலுவை குடுத்தானாக்கும்?" என்று ஏட்டு சிரித்தார்.

"ஊர்லயும் இப்படித்தான் சிரிச்சாவ," என்றார் அந்தப் பெண். "கப்சா பட்டாளம்னு பேரு வச்சு, சாகுத வரைக்கும் அந்தப் பேரச் சொல்லித்தான் கூப்பிட்டாவ."

அண்ணாச்சி தன் சோதனைகளை எனக்கு விளக்கினார். விளிம்பை உரைகல்லில் தேய்த்தாராம், வெள்ளி காட்டியதாம். பிறகு இழுப்பறையிலிருந்து நூலில் கட்டிய காந்தத்தை எடுத்து நடுவில் காட்டினாராம். நான் பார்க்க மறுபடியும் காட்டினார். காந்தம் டப்பென்று ஒட்டிக்கொண்டது.

"இரும்பு! மேல வெள்ளி, உள்ள இரும்பு. வெள்ளில காந்தம் ஒட்டுமா அய்யா? இது போலிச் சாமான். எங்க அப்பா காலத்துல இருந்து இந்தக் காந்தம் பொய் சொன்னது கிடையாது."

"போலிச் சாமான்னா கோயில் சிலுவை எப்படி ஆகும்?" என்றேன்.

"அது போலீஸ் பாடு," என்றார் அண்ணாச்சி. பிறகு சிலுவையின் நடுவைச் சுட்டிக் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு இன்னொரு சந்தேகம். இதைப் பாருங்க."

நடுவில் ஸ்வஸ்திகம். அண்ணாச்சியின் தலைக்குப் பின்னால் இரும்புப் பெட்டகக் கதவில் குங்குமத்தால் வரைந்திருந்த அதே குறி.

"சிலுவையில லாபக்குறி போட்டிருக்கான். இது எந்தச் சபைக்காரங்க சிலுவை?"

"எங்க சபையில கிடையவே கிடையாது," என்றார் உபதேசியார் அவசரமாக. "புராட்டஸ்டண்டுகாரங்ககிட்ட கேட்டுப் பாருங்க."

"அப்ப இது உங்க சிலுவை இல்லை. அப்படித்தானே?" என்றேன்.

உபதேசியார் வாயைத் திறக்குமுன் சப்-இன்ஸ்பெக்டர் குறுக்கிட்டார். "திருடுனவளுக்குக் குறி வெட்டத் தெரியாதா? இயேசு உருவத்தைக் கழட்டிப்பிட்டு இதை வெட்டியிருப்பா. நல்லாப் பாத்துச் சொல்லும் உபதேசியாரே. உம்ம பொறுப்புல இருந்த சாமான். கிடைக்கலன்னா சாமியார் யாரைக் கேப்பாரு?"

உபதேசியார் சிலுவையை ஒரு முறை பார்த்தார், சப்-இன்ஸ்பெக்டரை இரண்டு முறை பார்த்தார். "அப்படிப் பாத்தா… நம்மளுதா இருந்தாலும் இருக்கலாம்," என்றார்.

அந்தப் பெண் அவரைத் திட்டவில்லை. "உபதேசியாரே, மாதாவுக்கு முன்னால நின்னு இதைச் சொல்லுவீரா?" என்று மட்டும் கேட்டார். அவர் கூரையைப் பார்த்தார்.

என் முன் மகஜரை நீட்டினார்கள். 'வெள்ளிச் சிலுவை ஒன்று' என்று மூன்றே சொற்கள். இந்த மூன்று சொற்களுக்கு நான் சாட்சி சொன்னால் திங்கள்கிழமை அந்தப் பெண் திருடியாகக் கோர்ட்டில் நிற்பார். ஈரமும் காய்ந்துவிடும். அவருடைய ஒரு ஏக்கர் ஒரு வருஷம் சும்மா கிடக்கும். செத்துப்போனவர் பொய்யர் என்பது அரசாங்கப் பதிவேட்டில் ஏறிவிடும்.

"இதில் போதுமான அடையாளம் இல்லை," என்றேன். "அளவு, எடை, நிறம், எழுத்து, எண், பழுது எல்லாம் எழுத வேண்டும். மதிப்பு என்ற கட்டமும் காலியாக இருக்கிறது. நாளைக்கு வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றிக் கேட்பார்."

சப்-இன்ஸ்பெக்டருக்கு எரிச்சல். ஆனால் கூண்டு என்ற சொல் புதியவர்களிடம் நன்றாக வேலை செய்யும். அண்ணாச்சியின் தராசில் எடை போட வைத்தேன். நூல் வைத்து அளந்தேன். முன்பக்கம் கீழ்க்கையில் 1939. பின்பக்கம் 1813. வளையத்தில் பொடியாக ஓர் எண். எல்லாவற்றையும் என் குறிப்பேட்டில் எழுதினேன். 1813 என்பது கோயில் கட்டிய வருஷமாக இருக்கும் என்றார் ஏட்டு. கோயில் கட்டி முப்பது வருஷந்தான் ஆகிறது என்றார் உபதேசியார், தன்னை மறந்து.

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். பெட்டகக் கதவில் ஸ்வஸ்திகம் நேராக உட்கார்ந்திருந்தது. சிலுவையில் அது முனையில் சாய்ந்து நின்றது. அந்தச் சாய்வை நான் ஏற்கெனவே ஒரு படத்தில் பார்த்திருந்தேன்.

"முழு மகஜர் திங்கள் காலை பத்து மணிக்கு, இதே இடத்தில். அதுவரை இந்த அம்மாளை அவர்கள் ஊர்க் கிராம முன்சீப் பொறுப்பில் விடுங்கள். முன்சீப் என் கீழே வேலை பார்ப்பவர். ஓடிப்போனால் நான் பதில் சொல்கிறேன்," என்றேன். பொறுப்பை இன்னொருவர் ஏற்கும்போது எந்த அதிகாரியும் மறுப்பதில்லை. சப்-இன்ஸ்பெக்டரும் மறுக்கவில்லை.

அந்தப் படம் எங்கே இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் பகுதி வெடி ஆலைகளுக்கு வெடிச் சுருள் சுற்றுவதற்காக மூட்டை மூட்டையாகப் பழைய காகிதம் வந்து இறங்கும். பட்டணத்து நூலகங்களும் துரைமார் கிளப்புகளும் கழித்துப் போட்டவை. அதில் எனக்கு ஒரு பைத்தியம். ஆலை உரிமம் புதுப்பிக்க என் மேசையைத் தாண்டியாக வேண்டும் என்பதால் ஒரு முதலாளி எனக்குக் காகித அறையைத் திறந்துவிடுவார். இதை லஞ்சம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எடைக்குக் காசு கொடுத்துத்தான் எடுத்தேன். அப்படி எடுத்தவற்றில் ஒன்று பல தேசத்து ராணுவப் பதக்கங்களைப் பற்றிய ஆங்கிலக் கையேடு.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதில் ஜெர்மனிப் பகுதியை வரி வரியாகப் படித்தேன். இருந்தது. அதே படம், அதே சாய்வு. இரும்புச் சிலுவை என்பதுதான் அந்தப் பதக்கத்தின் பெயரே. 1813 அதை முதன்முதலாக ஏற்படுத்திய ஆண்டு. 1939 அதை மறுபடி வழங்கத் தொடங்கிய ஆண்டு. வளையத்து எண் செய்த பட்டறையின் எண். அசலைக் கண்டுபிடிக்கும் வழியும் போட்டிருந்தது. நடுவில் கறுப்புப் பூசிய இரும்பு. அதைச் சுற்றி இரண்டு பாதியாகச் செய்த வெள்ளிச் சட்டம். இரண்டு பாதியும் பற்றவைத்த மூட்டு விளிம்பில் மயிரிழையாகத் தெரியும். போலிகளைப் பெரும்பாலும் ஒரே வார்ப்பாக ஊற்றிவிடுவார்கள். மூட்டு இருக்காது, நடுவில் காந்தமும் ஒட்டாது.

இதைப் படித்துவிட்டு நான் தனியாகச் சிரித்ததை என் மனைவி பார்த்துவிட்டு, "மெமோ யாருக்கு?" என்று கேட்டாள்.

விலைகள் கடைசிப் பக்கங்களில் என்று உள்ளடக்கம் சொன்னது. கடைசிப் பக்கங்கள் இல்லை. மாலையில் வெடி ஆலை முதலாளியைப் பார்க்கப் போனேன். மிச்சப் பக்கங்கள் மூட்டையில் கிடக்குமா என்று கேட்டேன்.

"அந்த லோடா? அது போன தீபாவளிக்கே வெடிச்சுப் போச்சே அய்யா," என்றார்.

திங்கள் பத்து மணிக்கு எல்லோரும் வந்தார்கள். முன்சீப் அந்தப் பெண்ணைத் தன் மாட்டுவண்டியிலேயே கூட்டிவந்திருந்தார். அந்த அம்மாள் ஒரு துணிப்பையில் கணவரின் பட்டாள விடுவிப்புப் புத்தகத்தைக் கொண்டுவந்திருந்தார். ஓரமெல்லாம் கரையான் தின்றது போக, இத்தாலி என்ற சொல் தப்பியிருந்தது. டீ ஆற்றுகிறவரும் விதைத்து முடித்துத் திரும்பியிருந்தார். பழக்க தோஷத்தில் இரண்டாவது சாட்சியாக உட்கார்ந்துகொண்டார்.

முதலில் உபதேசியாரிடம் அவர் கொடுத்த புகாரை வாசிக்கச் சொன்னேன். "கலப்பில்லாத முழு வெள்ளியில் ஆன சிலுவை," என்று வாசித்தார்.

"கலப்பில்லாத வெள்ளி. நிச்சயமா?"

"நிச்சயம். எங்க சாமியாரே எடை போட்டு வாங்கினது."

"அண்ணாச்சி, உங்க காந்தத்தை எடுங்க."

அண்ணாச்சி எடுத்தார். சிலுவையின் நடுவில் காட்டச் சொன்னேன், ஒட்டியது.

"கலப்பில்லாத வெள்ளியில் காந்தம் ஒட்டுமா?"

"சொன்னேம்லா, ஒட்டவே ஒட்டாது."

"உங்க காந்தம் பொய் சொல்லுமா?"

"எங்க அப்பா காலத்துல இருந்து…" என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். டீக்கடைக்காரர்தான் முதலில் சொன்னார்: "அப்ப இது கோயில் சிலுவை இல்லையே சார்!" அத்தனை வருஷச் சாட்சி வாழ்க்கையில் அவர் முதல்முறையாக ஒரு பொருளைப் பார்த்துச் சொன்ன சாட்சியம் அது.

"அது இல்லைன்னா வேற களவுச் சாமானா இருக்கும்," என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "உள்ள இரும்பு வச்சு எவனாவது நகை செய்வானா?"

கையேட்டை விரித்து மேசையில் வைத்தேன். படத்துக்குப் பக்கத்தில் சிலுவையை வைத்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அடுத்த தெருத் தட்டாரிடம் இரவல் வாங்கிய பூதக் கண்ணாடியால் விளிம்பைக் காட்டினேன். மூட்டு மயிரிழைபோல் நான்கு கையையும் சுற்றி ஓடியது. காந்தத்தை விளிம்பின் ஓரத்தில் மெல்லத் தொடவைத்தேன், சட்டத்தில் பிடிக்காமல் நழுவி நடுவுக்கு ஓடியது. வளையத்து எண்ணைக் காட்டினேன். கடைசியாக விடுவிப்புப் புத்தகத்தில் இத்தாலியைக் காட்டினேன். அண்ணாச்சி கண்ணாடியை என்னிடமிருந்து பிடுங்காத குறையாக வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"காந்தம் ஒட்டுனாத்தான் அசல்!" என்றார். "என்ன அய்யா இது, ஊருலகத்துல இல்லாத நியாயமா இருக்கு."

"ஜெர்மன் ஊரில் இருக்கிற நியாயம்," என்றேன்.

பிறகு நான் சொல்லச் சொல்ல ஏட்டு மகஜர் எழுதினார். என் வாழ்நாளில் நான் இயற்றிய சிறந்த வாக்கியம் அதுதான் என்பேன்: 'இரும்பு நடுவும் வெள்ளிச் சட்டமும் கொண்ட ஜெர்மன் தேசத்து ராணுவ வீரப் பதக்கம் ஒன்று, 1939ஆம் ஆண்டு வகை, பற்றவைத்த மூட்டும் பட்டறை எண்ணும் சோதிக்கப்பட்டு அசல் எனக் காணப்பட்டது, இத்தாலியில் பணிபுரிந்த காலஞ்சென்ற படைவீரரின் மனைவியின் சொந்த உடைமை, மேற்படியாரிடமே திரும்ப ஒப்படைக்கப்பட்டது.' மதிப்புக் கட்டத்துக்கு வந்ததும் ஏட்டு பேனாவைத் தூக்கினார்.

"இரும்புதானே? ஒண்ணுமில்லைன்னு போடலாமா?"

"விசாரணையில் உள்ளது என்று போடுங்கள்," என்றேன். அந்த இரண்டு சொற்களால் நான் எத்தனையோ பேருடைய மனுக்களைப் பல வருஷம் தூங்கவைத்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அவை ஒருவருக்கு நல்லது செய்தன.

சப்-இன்ஸ்பெக்டர் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்தார். நகலை அந்தப் பெண்ணின் கையில் கொடுத்தேன். அவர் எழுந்து வெளியே போவார் என்று நினைத்தேன். போகவில்லை. சிலுவையை அண்ணாச்சியின் முன் வைத்தார்.

"சனிக்கிழமை வச்ச இடத்துலயே வைக்கேன் அண்ணாச்சி. வித்து வாங்கணும். ஈரம் போகுது."

அண்ணாச்சி மகஜர் நகலை வாங்கி இரண்டு தடவை வாசித்தார். "சர்க்காரே அசல்னு முத்திரை குத்திக் குடுத்திருக்கு. இனி நான் என்னத்தச் சொல்ல?" என்றார். சனிக்கிழமை அந்தப் பெண் கேட்ட தொகையைவிடக் கூடுதலாகவே கொடுத்தார். என் கண்ணெதிரே, நாற்பது வருஷக் காந்தத்தைக் கவிழ்த்து இழுப்பறையில் போட்டார். அன்று சாயங்காலத்துக்குள் அந்த ஏக்கரில் பருத்தி விழுந்துவிட்டது என்று முன்சீப் சொன்னார்.

மதிப்பு விசாரணையை நான் தூங்கவிடவில்லை. அடகிலிருந்த சிலுவையின் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்து இரண்டு பக்கத்துப் படியையும் எடுத்து, எண்ணையும் மகஜர் விவரத்தையும் எழுதி, கையேடு போட்ட சீமைப் பதிப்பகத்துக்குத் தபாலில் அனுப்பினேன். பருத்தி வெடிக்கிற காலத்தில் பதில் வந்தது. இந்த வகை லட்சக்கணக்கில் வழங்கப்பட்டது, அபூர்வமானதல்ல என்று முதல் பத்தி என் தலையில் தண்ணீர் தெளித்தது. ஆனால் மூட்டும் எண்ணும் சொல்வதைப் பார்த்தால் அசல். யாரிடமிருந்து யாருக்கு எப்படி வந்தது என்பதற்கு அரசாங்கத் தாள் இருப்பது அபூர்வம். அந்தத் தாளோடு சேர்த்துத் தாங்களே வாங்கிக்கொள்கிறோம் என்று இரண்டாம் பத்தி ஒரு விலை சொன்னது. நம் ரூபாயில் அது அந்தப் பெண் ஆறு மாதம் குச்சி அடுக்கிச் சம்பாதிப்பது.

அடகைத் திருப்பிய கையோடு அவர் அலுவலகத்துக்கு வந்தார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன்.

"அந்தத் தாளையும் கேக்காவளா?"

"அதுக்குத்தான் விலையே."

அவர் சிரித்தார். அன்றைக்குத்தான் அவர் சிரித்துப் பார்த்தேன். "அவிய பொய் சொல்லலன்னு போலீஸே எழுதிக் குடுத்த தாளு. அதைக் குடுத்துட்டு நான் ஊருக்குள்ள எதைக் காட்ட? நீங்க அந்த விலைய மட்டும் அதுல எழுதிக் குடுங்க அய்யா. வில தெரிஞ்சவளா இருந்துட்டுப் போறேன்."

முடிந்துபோன மகஜரின் நகலில் எதையும் சேர்த்து எழுத விதி இல்லை. நான் எழுதினேன். பச்சை மையில், தேதி போட்டு, முதலெழுத்தும் வைத்தேன்.

மாதா கோயில் சிலுவையும் கிடைத்தது. அடுத்த தவக்காலத்தில் சுரூபங்களையும் சிலுவைகளையும் வழக்கப்படி மூடிவைக்கும் ஊதாத் துணிகளை எடுக்க உபதேசியார் பெட்டியைத் திறந்தார். போன தவக்காலத்தில் மூடிய துணியோடு சுருட்டி உள்ளே வைத்த சிலுவை அப்படியே இருந்தது. அவரே அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நடந்து போய்ச் சொன்னாராம். அந்த அம்மாள் மோர் கொடுத்து அனுப்பினாராம்.

வருஷக் கணக்குத் தணிக்கையான ஜமாபந்திக்கு வந்த முன்சீப்பிடம் ஊர் நிலவரம் கேட்டேன். ஊர் டீக்கடையில் நாலு பேர் கூடியிருந்த நேரம் பார்த்து, அந்தப் பெண் மகஜரை முன்சீப் கையில் கொடுத்து உரக்க வாசிக்கச் சொன்னாராம். 'அசல் எனக் காணப்பட்டது' என்ற இடத்தை மட்டும் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னாராம்.

"ஊர்க்காரங்க என்ன சொன்னாங்க?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? நாங்க அப்பமே நம்புனோம்லா, சிரிச்சவன் எல்லாம் அடுத்த தெருக்காரன்னு சொல்லுதாவ. அடுத்த தெருவுலயும் போய்க் கேட்டேன் அய்யா. அங்கனயும் அதையேதான் சொல்லுதாவ."